ஏறு பெருநாடி வீக்கம்: களுவாஞ்சிகுடியிலிருந்து கொழும்புக்குப் போய் வந்த அனுபவம்

2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் என் நெஞ்சுக்குள் பெருநாடி வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 2024இல் கொழும்பில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது சமைக்கிறேன், நடக்கிறேன், பழையபடி நெல் ஆலையில் கணக்கு எழுதப் போகிறேன். ஆனால் இடையில் கழிந்த அந்த மாதங்களில் எது சரி, எது பிழை, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. கணவர் கட்டாரில். மகனுக்கு ஏ.எல். பரீட்சை வருடம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் "அடைப்பா, ஓட்டையா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று சொன்னால் அதற்குமேல் என்ன கேட்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இதே நோயோடு மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இன்னொருவர் இப்படி முழித்துக்கொண்டு இருந்தால் அவருக்குப் பயன்படட்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

இருதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் பெரிய குழாய்தான் பெருநாடி. அது இருதயத்தை விட்டு மேலே ஏறும் பகுதிக்கு ஏறு பெருநாடி என்று பெயர். வளர்ந்த ஒருவருக்கு அந்த இடத்தில் அகலம் பொதுவாக 3 முதல் 3.5 சென்ரிமீற்றர் வரை இருக்கும். சிலருக்குச் சுவர் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல் அது அகன்றுகொண்டு போகும். பெரும்பாலும் நோவு இருக்காது, மூச்சும் வாங்காது. எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை. பிரஷர் கிளினிக்கில் டொக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டபோது ஏதோ சத்தம் கேட்கிறது என்று, ஒலி அலையால் இருதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார். அந்த எக்கோவில்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. எல்லோருக்கும் மூன்று இதழ் இருக்கும் பெருநாடி வால்வு எனக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு அப்படி இருக்குமாம். அதற்கு மேலே குழாய் 4.7 சென்ரிமீற்றர். "பயப்பட வேண்டாம், ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்போம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மகன் ரியூஷன் முடிந்து வருமுன் முகத்தைக் கழுவிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் பணத்தையும் தூக்கத்தையும் தின்றது. ஆறு மாதம் காத்திருக்க மனம் வராமல் வேறோர் இடத்தில் தனியாகக் காசு கொடுத்து இன்னொரு எக்கோ எடுத்தேன். 5.1 என்று வந்தது. சில மாதத்தில் 4 மில்லிமீற்றர் வளர்ந்துவிட்டது என்று நினைத்து அன்றிரவு முழுக்க நெஞ்சில் கை வைத்துக்கொண்டே படுத்திருந்தேன். பிறகு 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து சி.ரி. ஸ்கேன். அதில் 5.3. கடைசியில் கொழும்பில் சத்திரசிகிச்சைப் பிரிவில் புதிதாக ஸ்கேன் எடுத்து, கணினியில் குழாயின் போக்குக்குச் செங்குத்தாக வெட்டி அளந்தபோது 5.0. அதாவது அந்த மாதங்களில் குழாய் உண்மையில் எவ்வளவு வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அளந்த முறைகள்தான் வேறு. பெருநாடி நேராக ஏறுவதில்லை, வளைந்து சாய்ந்து போகிறது. ஸ்கேனின் சாதாரண குறுக்கு வெட்டில் சாய்வாக அளந்தால் உள்ளதைவிடக் கூடவே காட்டும். எக்கோவில் சுவரின் எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்பு வரை அளக்கிறார்கள் என்பதிலும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மாறும். இருதயத் துடிப்போடு சேர்த்து, ஈ.சீ.ஜி. பொருத்தி எடுக்காத ஸ்கேனில் வால்வுக்குக் கிட்ட உள்ள பகுதி அசைந்து மங்கலாக விழும்.

இதை எனக்கு முதலே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த முதல் ஸ்கேன் காசு மிஞ்சியிருக்கும். ஆகவே ஸ்கேன் எழுதித் தரும்போதே கேளுங்கள்: இது ஈ.சீ.ஜி. பொருத்தி எடுப்பதா, மை ஊசி போட்டு எடுப்பதா, அதற்கு முன் சிறுநீரகத்துக்கான கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று. படம் அச்சடித்த ஃபிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை வைத்துத் திரும்ப அளக்க முடியாது, சி.டி. இருந்தால் எந்த வைத்தியசாலையிலும் அளக்கலாம். என்னிடம் ஃபிலிம்தான் இருந்தது. இரவு ரயிலில் மடங்காமல் பாயில் சுற்றிக் கொழும்பு வரை கொண்டுபோனேன், அங்கே அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்ததைத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு வருடத்தில் 0.5 சென்ரிமீற்றர், அல்லது அடுத்தடுத்து இரண்டு வருடம் வருடத்துக்கு 0.3 சென்ரிமீற்றர் வளர்ந்தால்தான் வேகமான வளர்ச்சி என்று 2022இல் வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. அந்த 0.3 என்பது இரண்டு ஆட்கள் அளப்பதில் வரும் வித்தியாசத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

சரி, 5.0 பெரிதா சிறிதா? நான் முதலில் பார்த்த இடத்தில் "5.5 வந்தால்தான் ஒப்பரேஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த 5.5 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகன் தன் படிப்புக்கு நடுவில் இரவில் ஆய்வுச் சுருக்கங்களைத் தேடி எடுத்துத் தமிழில் சொல்லுவான், நான் கணக்குக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு பல வருடங்களாக இந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறது. ஏறு பெருநாடி 6 சென்ரிமீற்றரை எட்டும்போது கிழியும், வெடிக்கும் ஆபத்துத் திடீரென்று மேலே ஏறுகிறது என்பது அவர்கள் 1990களில் கண்டது. அதை எட்டுமுன் செய்துவிட வேண்டும் என்பதால் 5.5 வந்தது. 2018இல் அதே குழு ஆபத்து ஏறும் இடங்கள் 5.25, 5.75 என்று இரண்டு இருப்பதாகத் திருத்தி எழுதியது. ஆளின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

இன்னொரு பக்கம், 1996இல் தொடங்கிய பெருநாடிக் கிழிவுக்கான சர்வதேசப் பதிவேடு ஒன்று இருக்கிறது, ஐராட் என்பார்கள். அதிலிருந்து 2007இல் வந்த கட்டுரையில், ஏறு பெருநாடி கிழிந்து வந்த 591 பேரில் 59 வீதமானோருக்கு அகலம் 5.5க்குக் குறைவு, 40 வீதமானோருக்கு 5.0க்கும் குறைவு. இதை வாசித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. பிறகு கொழும்பு டொக்டர் ஒருவர்தான் பொறுமையாக விளக்கினார். 4.5, 4.8 அளவில் குழாய் உள்ளவர்கள் உலகில் மிக மிக அதிகம். அவர்களில் ஒரு சிறு பங்கினருக்குக் கிழிந்தாலும் எண்ணிக்கையில் அதுதான் பெரிதாகத் தெரியும். அதனால் 4.8 உள்ள ஒருவருக்கு நாளைக்கே கிழியப் போகிறது என்று அர்த்தமில்லை. "கிழிந்தவர்களைப் பார்த்து எழுதிய ஆய்வு இது, கிழியாதவர்கள் இதில் இல்லை" என்றார். ஆய்வுத் தாள் வாசிக்கிறவர்கள் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

அந்தக் கேள்வி என்னை அப்பாவிடம் கொண்டுபோய் விட்டது. அப்பா 54 வயதில் இறந்தார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. ஒரு நாள் வரப்பில் நின்றவர் முதுகுக்கு நடுவில் ஏதோ கிழிகிற மாதிரி நோவு என்று குந்தியிருக்கிறார். மண்டூர் துறைக்குக் கொண்டுவந்து, வாவியைக் கடந்து குருமண்வெளிப் பக்கம் வர, ஆட்களை ஏற்றிச் செல்லும் பாதை என்ற படகுக்காகக் காத்திருந்த நேரத்திலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்று எழுதினார்கள். வேறென்ன எழுதுவது? உடலைத் திறந்து யாரும் பார்க்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர் இல்லை, வைத்தியசாலைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களைத்தான் பதிவேடு எண்ணுகிறது. ஏறு பெருநாடி கிழிந்தால் முதல் நாட்களில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஒருவர் இருவர் வீதம் இறக்கிறார்கள் என்று படித்தபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கழிந்த அந்த நேரத்தை நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு இருந்தது இதுதானா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் "கிழிகிற மாதிரி" என்ற சொல்லை அம்மா இன்னும் மறக்கவில்லை. அதை நான் கொழும்பில் சொன்னதும் டொக்டர் பேனையை எடுத்து எழுதினார். இரண்டு இதழ் வால்வு உள்ளவருக்கு, குடும்பத்தில் கிழிவும் நடந்திருந்தால், 5.0இலேயே சத்திரசிகிச்சையை யோசிக்கலாம் என்பதுதான் வழிகாட்டியில் உள்ளது. வீட்டில் யாராவது திடீரென்று நெஞ்சு நோவு, முதுகு நோவு வந்து இளம் வயதில் இறந்திருந்தால், மாரடைப்பு என்று சொல்லியிருந்தாலும், அது எப்படி நடந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு போங்கள். யாரும் தாமாகக் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது உயரம். நான் 147 சென்ரிமீற்றர், நாலடி பத்து அங்குலம். 5.5 என்ற எண் எல்லா உடம்புக்கும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. குழாயின் குறுக்கு வெட்டுப் பரப்பைச் சதுர சென்ரிமீற்றரில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் வகுத்துப் பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. மிகக் கட்டையானவர்களுக்கும் மிக உயரமானவர்களுக்கும் அது 10ஐ எட்டினால் சத்திரசிகிச்சையை யோசிப்பது நியாயம் என்று 2022 வழிகாட்டி சொல்கிறது. கணக்கு எழுதுகிறவள் நான், அன்றிரவே போட்டுப் பார்த்தேன். 5.0 அகலம் என்றால் பரப்பு 19.6. அதை 1.47ஆல் வகுத்தால் 13.4. ஆறடி ஆள் ஒருவருக்கு 5.5 இருந்தால் இதே கணக்கில் 13தான் வருகிறது. அதாவது அந்த ஆளை மேசையில் ஏற்றும் அளவை நான் ஏற்கெனவே தாண்டியிருந்தேன், எனக்கு மட்டும் இன்னும் அரைச் சென்ரிமீற்றர் காத்திரு என்றிருந்தார்கள். எங்கள் பெண்களில் ஐந்தடிக்குக் குறைந்தவர்கள் எத்தனை பேர். கிளினிக்கில் உயரம் அளக்காமல் விட்டால் அளக்கச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்படவில்லை.

காத்திருந்த காலத்தில் தெரிந்துகொண்டவை சில. பிரஷர் மாத்திரையை ஒரு வேளை கூட விடக்கூடாது, இந்த நோயில் உண்மையான மருந்து அதுதான். மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கக்கூடாது. நிறைந்த குடம், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒன்றும் கூடாது. மலம் கழிக்க முக்குவதும் அதே மாதிரிதான், அதற்கும் மருந்து கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு சிப்ரோஃப்ளொக்சசின் என்ற கிருமிகொல்லி மாத்திரை. சலக்கடுப்பு என்று ஒரு நாள் பார்மசிக்குப் போனேன், பழக்கத்தில் அதைத்தான் எடுத்து வைத்தார்கள். அந்த வகை மாத்திரைகள், லெவோஃப்ளொக்சசினும் சேர்த்து, பெருநாடி வீக்கம் உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கும்வரை கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. மகன் எழுதித் தந்த துண்டு பர்ஸில் இருந்ததால் வேறு மருந்து எழுதி வாங்கினேன். காய்ச்சலோ சலக்கடுப்போ, எதற்குப் போனாலும் முதலில் நோயைச் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்திக்கும்போது நான் கொப்பியில் எழுதிக்கொண்டுபோய்க் கேட்டேன். இந்த ஒப்பரேஷன் உங்கள் பிரிவில் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? வால்வையும் மாற்றுவீர்களா? பக்கவாதம் வர எவ்வளவு இடமுண்டு? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அனுபவமுள்ள இடங்களில் திட்டமிட்டுச் செய்யும்போது இறப்பவர்கள் பெரும்பாலான ஆய்வுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. கிழிந்தபிறகு அவசரமாகச் செய்தால் கணக்கே வேறு. ஐராட் பதிவேட்டின் 2000ஆம் ஆண்டு அறிக்கையில், கிழிந்து சத்திரசிகிச்சை செய்தவர்களில் 26 வீதமும், செய்யாமல் மருந்தோடு விட்டவர்களில் 58 வீதமும் வைத்தியசாலையிலேயே இறந்திருந்தார்கள். பிறகு வந்த வருடங்களில் நிலைமை முன்னேறியிருக்கிறது, இடைவெளி மூடவில்லை. எனக்கு முடிவெடுக்க அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

வால்வு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். உலோக வால்வு வைத்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் வாஃபரின் மாத்திரையை ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டும், இரத்தம் உறையும் அளவை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு வேலை, படுவான்கரையின் உள்ளூரில் இருப்பவருக்கு வேறு வேலை. உயிர்த்திசு வால்வுக்கு வாஃபரின் ஆயுள் முழுக்கத் தேவையில்லை, ஆனால் காலப்போக்கில் அது பழுதாகும், இன்னொரு தடவை செய்ய வேண்டி வரலாம். எனக்கு நல்ல காலம், வால்வு நன்றாக வேலை செய்ததால் அதைத் தொடவில்லை, குழாயை மட்டும் வெட்டி எடுத்து டேக்ரன் துணிக் குழாய் வைத்துத் தைத்தார்கள். வால்வு மாற்றக்கூடும் என்ற சந்தேகம் இருந்ததால், பல்லிலுள்ள கிருமி புது வால்வுக்குப் போய்விடாமல், பல்லையும் முதலே காட்டிச் சரிசெய்யச் சொன்னார்கள். கொழும்புக்குப் போய் அதற்காக நாள் கடத்தாமல் ஊரிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது.

வாட்டில் எனக்குச் சிங்களம் அரைகுறை. பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தமருது ராத்தா ஒருவர், வால்வு மாற்றி எட்டாம் நாள். என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். "கண் முழிக்கக்குள்ள வாய்க்குள்ள குழாய் இரிக்கும், பேச ஏலா, பயந்து இழுத்துப் போடாத" என்று அவர் சொன்ன ஒரு வசனம் எனக்கு எந்த விளக்கக் கடதாசியையும்விட உதவியது. அப்படித்தான் இருந்தது. கண் திறந்தபோது கூரை விளக்கு மட்டும் தெரிந்தது, தொண்டைக்குள் குழாய், கை கட்டியிருந்தது. ராத்தா சொன்னது நினைவுக்கு வந்து அசையாமல் கிடந்தேன். அதன்பிறகு ஒரு இரவு இருதயம் தாறுமாறாக ஓடத் தொடங்கியது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். திறந்த இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு நிறையப் பேருக்கு அப்படி வரும், மருந்தில் அடங்கும் என்று தாதி வந்து சொன்னா. முதலே தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபின் நெஞ்செலும்பு ஒட்டும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம், தள்ளுவதும் இழுப்பதும் கூடாது. தேங்காய் திருவக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒருவரும் சொல்லாத இன்னொன்று மனம். காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். இரவில் தூக்கம் வராது. ஒப்பரேஷன் நன்றாக முடிந்த பிறகும் இப்படி அழுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. அதுவும் பலருக்கு வருவதுதான் என்று கிளினிக்கில் சொன்னபோதுதான் மூச்சு வந்தது. நீண்டு போனால் அதற்கும் மருந்து இருக்கிறது, சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு ஒரு சதமும் கட்டவில்லை. இரத்தமும் தானமாகக் கிடைப்பது, விலைக்கு வாங்கத் தேவையில்லை. ஆனாலும் தனியார் ஸ்கேன், எக்கோ, கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பயணம், சம்பளம் இல்லாத மாதங்கள் என்று நாலு இலட்சத்துக்கு மேல் போனது. தாலிக்கொடி தவிர மற்ற நகை எல்லாம் அடகில். ஜனாதிபதி நிதியம் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவுகிறது, 2025 முதல் அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். திகதி கிடைத்தவுடன் முதல் வேலையாக அங்கே போய் விசாரியுங்கள், எல்லாம் முடிந்த பிறகு போகாதீர்கள்.

இரண்டு இதழ் வால்வு உள்ளவரின் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு தடவையாவது எக்கோ பார்க்க வேண்டும். மகனுக்கு எல்லாம் சரி. தம்பிக்கு 4.1. "எனக்கு ஒண்டும் செய்யல்லியே அக்கா" என்று ஒரு வருடம் இழுத்தடித்தவன், இப்போது வருடம் ஒருமுறை ஒரே இடத்தில் பார்க்கிறான். அவனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி அட்டை செய்து போன் உறைக்குள் வைத்திருக்கிறோம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதியது: ஏறு பெருநாடி வீக்கம் உள்ளவர், கடைசி அளவு, எடுத்த திகதி. திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ கடும் நோவு வந்தால், மாரடைப்புக்கான இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போடுமுன் பெருநாடிக் கிழிவு இல்லை என்று உறுதி செய்யவும். கிழிவு இருந்து அந்த ஊசியைப் போட்டால் ஆளுக்கே ஆபத்து. அட்டையைத் தம்பியின் மனைவிக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன், அவன் பேச முடியாமல் கிடந்தால் நீட்ட வேண்டியவள் அவள்தானே.